கரட்டு மேல கிடக்கற கல்லுப் பொழி

ரெண்டு மாசமா எதுவும் எழுதல. குச்சிக்கிழங்கு பிடுங்கற வேலை, அதுக்கு ஆள் கிடைக்காத பாடு, அப்புறம் போர் மோட்டார் காயில் எரிஞ்சுபோன கதைன்னு நாள் ஓடிப்போச்சு.

போன மாசம் ஒருநாள் விடியக்காலைல கட்டுத்தரையில சாணி வழிச்சுட்டு இருந்தேன். பைக்ல ரெண்டு பேர் வந்து நின்னாங்க. "ஏனுங்க, அந்தக் கரட்டு மேல வரிசையாக் கிடக்கற கல்லெல்லாம் உங்க பூமியிலதானுங்க இருக்குது? ஜேசிபி, டிப்பர் எல்லாம் நாங்களே கொண்டாந்து அள்ளிக்கறோம். லோடுக்கு 1,200 ரூபாய் குடுத்தர்றோம்" அப்படின்னாங்க. ராசிபுரம் பக்கம் புதுசா பண்ணை வீடு கட்டறவங்க காம்பவுண்டு சுவருக்குப் பழைய கல்லுதான் வேணும்னு கேக்கறாங்களாம். பாசி படிஞ்ச கல்லுன்னா பாக்க நல்லா இருக்குதாம்.

பக்கத்துல என் பையன் நின்னுட்டு இருந்தான். அவன் அப்பவே மனசுல கணக்குப் போட்டுட்டான். "எப்படியும் நாப்பது லோடு தேறும்ப்பா. 48,000 ரூபாய். மோட்டார் செலவு போக மிச்சமே ஆகும். அந்தக் கல்லு சும்மாதான கிடக்குது?"

"யோசிச்சு சொல்றனுங்க"ன்னு சொல்லி அவங்களை அனுப்பிவெச்சேன். அந்த யோசனையைத்தான் இங்க எழுதறேன்.

டவுன்ல இருந்து படிக்கறவங்களுக்கு முதல்ல ரெண்டு வார்த்தை. எங்க பக்கம் காடுன்னா வனம் இல்லைங்க, மானாவாரி நிலம். கிணத்துத் தண்ணி பாயறது தோட்டம். மலைக்கும் சமவெளிக்கும் நடுவுல பாறையும் சரளையுமா மேடு தட்டி நிக்கறது கரடு. வயலுக்கு இருக்கற எல்லை வரப்பு. காட்டுக்கு இருக்கற எல்லைக்குப் பேரு பொழி. மண்ணால போட்டிருந்தாலும் பொழிதான், கல்லு அடுக்கியிருந்தாலும் பொழிதான்.

எனக்கு போதமலை அடிவாரத்துல மூணு ஏக்கர் தோட்டம், அதுக்கு மேல ரெண்டு ஏக்கர் கரடு. கரட்டுல இப்ப ஆடுதான் மேயுது. உன்னிச்செடியும் சீமைக்கருவேலமும் மூடிக் கிடக்கு. கோடையில எல்லாம் காஞ்சு உதிர்ந்த பின்னாடி, சாயங்கால வெயில் சரிவா அடிக்கும்போது எங்க கிணத்து மேட்டுல நின்னு பாத்தீங்கன்னா, மலைச்சரிவுல குறுக்கால மூணு கோடு தெரியும். ஒண்ணுக்கு மேல ஒண்ணா, வாய்க்கால் மட்டம் பாத்த மாதிரி சரிவை அணைச்சுட்டு ஓடுது. கிட்டப் போனா அதெல்லாம் கல்லுக் கட்டு. சில இடத்துல இடுப்பு உயரம், சில இடத்துல முழங்கால் உயரம், பல இடத்துல சரிஞ்சு வெறும் கல்லுக் குவியல். நடுக்கோடு நான் நடந்து எண்ணினதுல 140 தப்படி வருது. அதுக்கு மேல கட்டு என் பூமியோட நிக்கல. ரிசர்வ் காட்டுக்குள்ள மரத்துக்கு நடுவுல போயிடுது.

இது ஏதோ தானா உருண்டு வந்து நின்ன கல்லு இல்லைங்க. அடியில ரெண்டு ஆள் சேர்ந்து புரட்டற அளவுக்குப் பெரிய கல்லு. அதுக்கு மேல நடுத்தரம். சந்துல சின்னச் சின்ன சல்லி. சாந்து கிடையாது, மண்ணு கூட வெச்சுப் பூசல. சுவர் மேட்டுப்பக்கமா லேசா சாஞ்சு நிக்குது. நேரா நிறுத்தினா மழைக்கு மண்ணு தள்ளி வெளிய சாய்ச்சுப்புடும்னு தெரிஞ்ச ஆளுங்க கட்டினது. தண்ணி கல்லுச் சந்துல கசிஞ்சு வெளிய வந்துடும், மண்ணு மட்டும் உள்ள நின்னுக்கும். ஒரு இடத்துல ஆறடி அகலத்துக்குக் கட்டு இல்லாம விட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் நெட்டுக்குத்தலா ஒவ்வொரு கல்லு. அது கடவு. ஏர்மாடு ஏறி இறங்கறதுக்கு விட்ட வழி. முன்னெல்லாம் முள்ளுப்படல் வெச்சு சாத்தியிருப்பாங்க.

சரி, இதை யாரு கட்டினாங்க? எங்க அப்பாவைக் கேட்டப்ப "எங்க அப்பன் காலத்துலயே இப்படித்தான் கிடந்துச்சு"ன்னார். தாத்தா அந்தக் கரட்டுல ஒருநாளும் ஏர் ஓட்டல. அப்படின்னா எங்க குடும்பத்துக்கு முன்னாடியே யாரோ உழுது, யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க. என் பட்டா, சிட்டாவுல அது பத்தி ஒரு வரி கிடையாது. புலப்படத்தை எடுத்துப் பாத்தேன். நாலு மூலைக்கல்லு இருக்கு, அளவு இருக்கு. இந்த மூணு கோடும் அதுல இல்ல.

விட்டுட்டுப் போறதுக்குக் காரணத்துக்கா நம்ம சேலம் சீமையில பஞ்சம்? 1792ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாராமகாலும் சேலம் பக்கமும் கம்பெனிக்காரங்க கைக்குப் போனப்ப, அலெக்சாண்டர் ரீடுன்னு ஒரு ராணுவ அதிகாரி இங்க வந்தார். அவருக்குக் கீழ உதவியா இருந்தவர்தான் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் இருந்தாங்க. நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவன் பேருலயும் நேரடியா தீர்வை போடற ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணுலதான். அந்த முறையில, தீர்வை கட்ட முடியலைன்னா நிலத்தை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம். ராஜினாமான்னு பேரு. இன்னைக்கு வேலையை விடறதுக்குச் சொல்ற வார்த்தை, அன்னைக்கு நிலத்தை விடறதுக்குச் சொன்னது. ராஜினாமா பண்ணறதுன்னா எந்த நிலத்தை முதல்ல விடுவாங்க? கிணத்தடித் தோட்டத்தையா விடுவாங்க? கரட்டைத்தான் விடுவாங்க.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம். 1876ல இருந்து 1878 வரைக்கும். எங்க பாட்டி காலத்துல கூட, யாராச்சும் அவசர அவசரமா சாப்பிட்டா "ஏன்டா, தாது வருசத்துல பொறந்தியா"ன்னு கேப்பாங்க. 1871 கணக்கெடுப்புல அன்னைய சேலம் ஜில்லாவுல கிட்டத்தட்ட 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881ல எண்ணினப்ப சுமார் 16 லட்சம் பேர்தான் இருந்தாங்க. பத்து வருஷத்துல ஜனம் பெருகியிருக்கணும், மூணரை லட்சத்துக்கும் மேல குறைஞ்சுபோச்சு. செத்தவங்க, ஊரை விட்டே போனவங்க எல்லாம் சேர்த்து. அத்தனை பேரும் ஏதோ ஒரு காட்டுல உழுதவங்க, களை வெட்டினவங்க, கல்லு பொறுக்கினவங்கதான?

அடுத்தது 1882 மெட்ராஸ் வனச் சட்டம். மலையைச் சுத்திக் கோடு கிழிச்சு, இதுக்கு மேல ரிசர்வ் காடுன்னு சொன்னாங்க. அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கிட்ட பழைய உழவுக்காடு எல்லாம் மெல்ல மெல்ல மரம் மூடிடுச்சு. கடைசியா கரண்டு மோட்டார். கிணத்துல மோட்டார் வெச்சதும் ஜனங்களுக்கு மேட்டுல போய் சாமையும் கொள்ளும் விதைக்கற அவசியம் இல்லாம போச்சு. வெள்ளாமை கீழ இறங்கிடுச்சு. கல்லு மட்டும் மேலயே நின்னுடுச்சு.

என் கரட்டுப் பொழி இதுல எந்தக் காலத்தோடதா வேணா இருக்கலாம். இதுக்கெல்லாம் முந்தினதாவும் இருக்கலாம். கல்லுல வருஷம் எழுதி இருக்காது. ஆனா அதுக்கு அடியில இருக்கற மண்ணுல எழுதி இருக்கும். சுவருக்குக் கீழ மாட்டுன கரித்துண்டு, மண்ணுல கலந்த மகரந்தம், அந்த மண்துகள் கடைசியா வெயிலைப் பாத்தது எப்பங்கறது, இது எல்லாத்தையும் வெச்சு வயசு சொல்ல இன்னைக்கு வழி இருக்கு. ஆனா ஒண்ணு. கல்லை அசைக்காம இருந்தாத்தான் அந்தக் கணக்கு வரும். ஒரு தடவை ஜேசிபி வாளி உள்ள போயிடுச்சுன்னா அடிமண்ணும் மேல்மண்ணும் கலந்து, அந்தப் பதிவேடே கிழிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எங்க அக்கா பொண்ணு அயர்லாந்துல நர்ஸா வேலை பாக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லீவுல அந்த நாட்டு வடமேற்குல மேயோங்கற மாவட்டத்துக்குப் போயிட்டு போட்டோ அனுப்புச்சு. "மாமா, இதைப் பாருங்க. நம்ம கரட்டுப் பொழி மாதிரியே இல்ல?"ன்னு. அந்த இடத்துக்குப் பேரு கேய்ட் ஃபீல்ட்ஸ். கடலோரம், மழையும் காத்தும் ஓயாத மேட்டு நிலம். ஒரு மரம் கிடையாது. அங்க செடி கொடி அழுகி அழுகி, காலகாலமா கருப்பு மண்ணா சேர்ந்து கிடக்கு. அதை வெட்டிக் காயவெச்சு அடுப்பெரிக்கறது அந்த ஊர் வழக்கம். 1930கள்ல பேட்ரிக் கால்ஃபீல்டுன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அந்த மண்ணை வெட்டறப்ப அடியில கல்லு வரிசையா இருக்கறதைக் கவனிச்சார். தானா விழுந்த கல்லு இப்படி வரிசையா நிக்காது, யாரோ அடுக்கினதுன்னு சொன்னார். இந்தக் கருப்பு மண்ணு சேர்றதுக்கு முன்னாடியே அடுக்கினதுன்னா எத்தனை காலத்துக்கு முன்னாடி இருக்கும்னு யோசிச்சு, டப்ளின் மியூசியத்துக்குக் கடிதம் எழுதினார்.

அவரோட பையன் சீமஸ் படிச்சு தொல்லியல் ஆளாகி, 1970கள்ல திரும்ப அதே ஊருக்கு வந்தார். அவர் தோண்டறதுக்கு முன்னாடி செஞ்ச வேலை என்ன தெரியுங்களா? நீளமான கம்பியை எடுத்துட்டு அந்தப் பொதுக்கு மண்ணுல குத்திக்கிட்டே போனார். எங்க கல்லு தட்டுதோ அங்க ஒரு குச்சி நட்டார். குச்சி எல்லாம் சேர்ந்து கோடாச்சு, கோடு எல்லாம் சேர்ந்து பொழியாச்சு. மைல் கணக்குல வயல்கள். 5,000 வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்றாங்க. இங்கிலாந்துல டார்ட்மூருன்னு ஒரு மேட்டு நிலம் இருக்கு, அங்கயும் இதே கதை. ரீவ்னு உள்ளூர்க்காரங்க பேரு வெச்சிருந்த தாழ்வான கல்லு வரிசை எல்லாம், சுமார் 3,500 வருஷத்துக்கு முந்தின வயல் எல்லைன்னு 1970கள்ல ஆண்ட்ரூ ஃப்ளெமிங்னு ஒருத்தர் நடந்து நடந்து கண்டுபிடிச்சார்.

எனக்கு இதுல பிடிச்சது அந்த வருஷக் கணக்கு இல்லைங்க. அதைக் கண்டது ஒரு ஊர் வாத்தியார். அடுப்புக்கு மண்ணு வெட்டப் போன இடத்துல பாத்தது. தினம் அந்த நிலத்துல புழங்கற ஆளு கண்ணுக்குத்தான் அது முதல்ல தெரிஞ்சுது. அவர் அதை "சும்மா கிடக்கற கல்லு"ன்னு நினைச்சிருந்தா அத்தோட போச்சு.

நம்ம பக்கம் பழசுக்கு மதிப்பு இல்லைன்னு நான் சொல்ல வரல. நிறையவே இருக்கு. சேர்வராயன் மலையில புதிய கற்காலத்து வழுவழுப்பான கல் கோடாரி கிடைச்சிருக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்பு கி.மு. 2172ஆம் வருஷத்தோடதுன்னு 2022ல சட்டசபையிலயே அறிவிச்சாங்க. பெருமையா இருந்துச்சு. மேட்டூர் டேம்ல தண்ணி குறைஞ்சா பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளிய தெரியும். ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல போட்டோ வரும், ஜனங்க பரிசல்ல போய் பாக்கறாங்க.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம தேடறது எல்லாம் கோயிலு, கல்வெட்டு, கத்தி, ஈமக்காடு. செத்தவங்களை எங்க புதைச்சாங்கன்னு தெரியுது, ராஜா யாருக்கு என்ன குடுத்தான்னு தெரியுது. இருந்தவங்க எங்க உழுதாங்க, எப்படி எல்லை பிரிச்சாங்க, மலைச்சரிவுல மண்ணை எப்படி நிறுத்தினாங்கங்கறதைத் தேடற ஆளு குறைச்சல். அந்த டேமுக்குள்ள ஒரு கோயில்னா அதைச் சுத்தி ஆயிரம் பொழி இருந்திருக்கும்ல? அந்த ஊர்க்காரங்க 1934ல டேம் வந்தப்ப கோயிலை மட்டுமா விட்டுட்டு வந்தாங்க?

எல்லைங்கறதை நம்ம முன்னோருங்க லேசா நினைக்கல. சோழர் காலத்துச் செப்பேட்டுல ஒரு ஊரைத் தானமா குடுக்கும்போது, பெண் யானையை எல்லையைச் சுத்தி நடக்கவிட்டு, அது போன வழியில கல்லும் கள்ளியும் நட்டதா எழுதி வெச்சிருக்காங்க. ஔவையார் ராஜாவை வாழ்த்தணும்னு நினைச்சப்பவே வரப்புல இருந்துதான் ஆரம்பிச்சாங்க. அவ்வளவு ஏன், 2018ல எட்டுவழிச்சாலைக்கு அளந்து கல்லு நட்டப்ப சேலத்துக் குடியானவங்க கண்ணீர் விட்டதை எல்லாரும் டிவியில பாத்தீங்க. ஒரு கல்லுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

இப்ப என் பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். அந்தக் கல்லு சும்மாதான கிடக்குது?

சும்மா கிடக்கலைங்க. இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். கரட்டுல கோடு மூணுன்னு சொன்னேன். உண்மையில நாலு இருந்துச்சு. 2009ல கிழங்குக்கு நல்ல விலை. தோட்டத்தை ஒட்டி கரட்டுல இன்னும் அரை ஏக்கர் சேர்த்து நட்டுடலாம்னு ஆசை. டிராக்டர் திரும்பறதுக்கு அடிக்கோட்டுப் பொழி குறுக்கால இருந்துச்சு. ஜேசிபி விட்டு ஒரே நாள்ல பேர்த்து ஓரமாக் குவிச்சுட்டேன். அப்ப எனக்கு யாரும் வேண்டாம்னு சொல்லல. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் வருஷம் நல்ல மகசூல். அந்தப் பொழிக்கு மேல்பக்கம் தொடை உயரத்துக்கு செம்மண்ணு சேர்ந்து கிடந்துச்சு, கிழங்கு சும்மா தொடை தொடையா வந்துச்சு. அந்த மண்ணை அங்க யாரு சேர்த்தாங்கன்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல. ரெண்டாவது வருஷம் ஐப்பசி மழையில நடுவுல ஒரு வாரி விழுந்துச்சு. மூணாவது வருஷம் அந்த வாரிக்குள்ள ஆடு இறங்கினா தலை தெரியாது. செம்மண்ணு எல்லாம் என் கிணத்துல வந்து படிஞ்சுச்சு. கிணத்துல சேறு எடுக்க ஆள் கூலியே, நான் கூடுதலா எடுத்த கிழங்குக் காசை முழுங்கிடுச்சு. இன்னைக்கு அந்த அரை ஏக்கர்ல சரளைதான் இருக்கு. கொள்ளு கூட சரியா முளைக்கல. மேல இருக்கற மூணு கோட்டுக்குப் பின்னாடி இன்னும் மண்ணு இருக்கு. உழவே இல்லைன்னாலும் அந்தச் சுவர் வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கு. கட்டினவங்க போய் எத்தனை காலமாச்சோ, கூலி வாங்காம எனக்கு வேலை செய்யறாங்க.

இன்னொரு கூத்தும் பாருங்க. நூறு நாள் வேலையில சரிவு நிலத்துல கல் வரப்பு, மண் வரப்பு போடறதுக்கு அரசாங்கம் காசு செலவு பண்ணிச்சு. நல்ல வேலைதான். ஆனா ஒரு பக்கம் காசு குடுத்துப் புது வரப்பு போடறோம், இன்னொரு பக்கம் முன்னோருங்க சும்மா போட்டுக் குடுத்த பொழியை லோடு 1,200 ரூபாய்க்கு விக்கறோம். இதுக்கு என்ன பேரு வெக்கறது?

இதுல எதிர்ப்பக்க நியாயமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வெச்சிருக்கறவன்கிட்ட போய் "உன் நிலத்தை மியூசியமா வெச்சுக்கோ"ன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. 48,000 ரூபாய் எனக்குப் பெரிய காசு. கல்லுப் பொழியில பாம்பு அண்டும், எலி அண்டும். டிராக்டர் திரும்ப இடைஞ்சல். இது எல்லாம் உண்மை.

ரெண்டாவது, இதை விடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. பழைய எல்லையைத் தோண்டினா பழைய வழக்கும் கிளம்பும்னு பயம். எங்க ஊர்லயே ஒன்றரை அடி பொழிக்கு அண்ணன் தம்பி இருபது வருஷமா கோர்ட்டுக்கு நடக்கறாங்க. "இந்தக் கல்லு எங்க தாத்தா நட்டது"ன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், சண்டைக்குக் காரணம் கிடைச்சுடும். அதனாலதான் பழைய பொழின்னா ராவோட ராவா இல்லாம பண்ணிடலாம்னு நினைக்கறாங்க.

எனக்கும் அந்தப் பயம் ஒருநாள் வந்துச்சு. போதமலை மேல இருந்து சந்தைக்கு இறங்கி வர்ற பெரியவர் ஒருத்தர், எங்க கிணத்தடியில உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போவார். மலையாளி ஜனம். இங்க காலகாலமா மலையில இருக்கற பழங்குடி ஜனத்துக்குத்தான் அந்தப் பேரு, கேரளாக்காரங்க இல்லைங்க. அந்த மலை ஊருக்கு ரோடே இல்லாம இருந்துச்சு, நடந்துதான் வருவாங்க. ஒருநாள் கரட்டை நிமிர்ந்து பாத்துட்டு சொன்னார்.

"தம்பி, அந்தக் கட்டு எங்க ஆளுங்க கட்டற கட்டு மாதிரி இருக்குதே. அடிக்கல்லை நெடுக்கால வெக்காம உள்ளுக்குக் குறுக்கால வெச்சிருக்காங்க பாரு. மேல எங்க காட்டுலயும் இப்படித்தான்."

எனக்கு சுருக்குன்னுச்சு. "அப்படீங்களா ஐயா"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்திட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அவர் என் நிலத்தைக் கேக்கல. சும்மா பாத்ததைச் சொன்னார். நான்தான் மனசுக்குள்ள பட்டாவைத் தேடி எடுத்து மார்ல அணைச்சுக்கிட்டேன்.

இப்ப யோசிச்சா வெக்கமா இருக்கு. பட்டா என் பேருல இருக்கு, அதுல சந்தேகம் இல்ல. சர்வே எல்லைச் சட்டம் 1923ல இருந்தே இருக்கு. அளந்து நட்ட கல்லுதான் சட்டத்துக்கு எல்லை. பழைய கல்லுப் பொழி யாருக்கும் பட்டா வாங்கித் தராது, யாரு பட்டாவையும் பறிக்காது. ஆனா அது வேற ஒண்ணு சொல்லுது. இங்க எங்களுக்கு முன்னாடியும் ஆளுங்க இருந்தாங்க, அவங்க வேலை தெரிஞ்சவங்க, இந்த மண்ணு அவங்க சேர்த்து வெச்சதுன்னு சொல்லுது. அதை ஒத்துக்கறதுல எனக்கு என்ன குறைஞ்சுடும்?

கைவிட்ட காடு எப்படி ஆகும்னு பாக்க 3,000 வருஷம் காத்திருக்கத் தேவையில்லைங்க. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போங்க. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைஞ்ச சரிவெல்லாம் முதல்ல குச்சிக்கிழங்குக்கு மாறிச்சு. இப்ப நிறைய இடத்துல சில்வர் ஓக்கும் மிளகுமா நிக்குது. நீங்க அருவி பாக்கப் போறப்ப "ஆகா, என்ன பசுமை"ன்னு போட்டோ எடுப்பீங்க. அந்த மரத்துக்கு அடியில கல்லுக் கட்டு இருக்கான்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. மலைன்னாலே மனுஷன் கை படாததுன்னு டவுன்ல நினைக்கறாங்க. பல இடத்துல அது உழுது விட்ட காடு.

நான் பெருசா எதுவும் கேக்கல. தொல்லியல் துறை வந்து ஒவ்வொரு கரட்டுலயும் நீலப் பலகை நடணும்னு சொல்லல. அப்படி ஒரு பலகை வருதுன்னா எங்க ஆளுங்க அதுக்கு முந்தின நாளே கல்லை அள்ளிடுவாங்க. நான் கேக்கறது மூணே விஷயம்.

முதலாவது, எடுக்கறதுக்கு முன்னாடி எழுதி வைங்க. ஒவ்வொரு ஊர்லயும் கரட்டுப் பொழி எங்க ஓடுது, எவ்வளவு நீளம், எத்தனை உயரம், கடவு எங்க இருக்குன்னு குறிச்சு வெச்சாப் போதும். அந்தக் காலத்துல சங்கிலி வேணும், இன்னைக்கு பள்ளிக்கூடப் புள்ளைங்க கையில போன் இருக்கு. ஒரு சனிக்கிழமை போதும். யாரு நிலம்ங்கறதை எழுதவே வேண்டாம். எங்க ஊர்ல அடுத்த கிராம சபையில இதைப் பேசலாம்னு இருக்கேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

ரெண்டாவது, சரிவுக்குக் குறுக்கால இருக்கற பொழியை மட்டுமாவது விட்டு வைங்க. சமநிலத்துல சிதறிக் கிடக்கற கல்லை எடுத்து வீடு கட்டறவன் கட்டிட்டுப் போகட்டும். சரிவுப் பொழி அப்படி இல்ல, அது மண்ணைத் தாங்கற கை. அதை வெட்டினா என்ன ஆகும்னு என் அரை ஏக்கரை வந்து பாருங்க, நானே கூட்டிட்டுப் போய் காட்டறேன்.

மூணாவது உங்களுக்கு. எங்க பக்கம் பண்ணை வீடு கட்ட வர்றவங்க, பழைய கல்லுல காம்பவுண்டு வேணும்னு கேக்காதீங்க. நீங்க கேக்கறதாலதான் பைக்ல ஆள் வர்றாங்க. நிலம் வாங்கினா, வாங்கின நிலத்துல பழைய பொழி இருந்தா, "இது என்ன கல்லு"ன்னு பக்கத்துக் காட்டுக்காரரைக் கேளுங்க. கேட்டதுக்கு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. கேக்காம மட்டும் எடுத்துடாதீங்க.

அந்தக் கல்லுக்காரங்களுக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். பையன் ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. மோட்டாருக்கு ரெண்டு கிடாயை வித்து, பாக்கிக்குக் கடன் வாங்கியிருக்கேன். அவன் கோபத்துல நியாயம் இருக்கு, பிற்காலத்துல இந்தப் பூமியில கஷ்டப்படப் போறவன் அவன்தான்.

போன ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிட்டு அடிக்கோட்டுக்குப் போனேன். 2009ல நான் பேர்த்துக் குவிச்ச கல்லு இன்னும் அங்கயேதான் கிடக்கு. வாரி விழுந்த இடத்துல முதல் வரிசை வெச்சோம். எனக்கு வெக்கத் தெரியல, ரெண்டு தடவை சரிஞ்சுச்சு. அப்பதான் அந்தப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அடிக்கல்லை நெடுக்கால வெக்காம, நீளத்தை மேட்டுப்பக்கம் உள்ளுக்குக் குடுத்து குறுக்கால வெச்சுப் பாத்தோம். நின்னுச்சு. எட்டடி நீளம் முடிஞ்சிருக்கு. ஐப்பசி மழைக்குள்ள வாரியை அடைச்சுடணும்.

அடுத்த சந்தைக்கு அவர் இறங்கி வரும்போது, இந்தத் தடவை பேச்சை மாத்தாம, கரட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கேக்கலாம்னு இருக்கேன்.